பால் சாட்சி

பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஒருத்தியிடம் போய்ப் பொய் கேட்டாள் ஹலீமா பீவி. கேட்பதற்கு ஊரில் வேறு ஆளா இல்லை? தேங்காப்பட்டணத்தில் வாய் கூசாமல் பொய் சொல்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேராவது தேறுவார்கள். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்த பொய்யை ஒரே ஒருத்தியால்தான் சொல்ல முடியும். அவள் உபதேசியார் யோவானின் மனைவி ஜெயபாய். ஞாயிறுதோறும் சபைப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, பொய்ச்சாட்சி சொல்வது பாவம் என்று கற்றுக்கொடுக்கிறவள்.

இந்த இரண்டு பேருக்கும் எப்படிப் பழக்கம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஹலீமா மைமூனைப் பெற்றுப் போட்டுவிட்டுக் காய்ச்சலில் கிடந்தாள். பால் வற்றிவிட்டது. ஆட்டுப்பால் பிள்ளைக்குத் தங்கவில்லை. கிணற்றுக் கயிறு வாங்க அந்த வீட்டுக்கு வந்த ஜெயபாய், இடுப்பில் தன் கைக்குழந்தை லீலாபாயோடு, அந்த அழுகையைக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். யாரும் கூப்பிடவில்லை. போய் உட்கார்ந்து, ஒரு பக்கம் லீலாபாய், மறுபக்கம் மைமூன் என்று கொடுக்கத் தொடங்கியவள், ஹலீமா எழுந்து நடமாடுகிறவரை நாள் தவறாமல் வந்தாள். சபையில் சிலர் முகம் சுளித்தார்கள். தெருவிலும் சிலர் சுளித்தார்கள். இரண்டு கூட்டமும் ஒற்றுமையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

காய்ச்சல் போனது, பழக்கம் போகவில்லை. மைமூன் அவளைப் 'பாலும்மா' என்றுதான் கூப்பிடுவாள். அது செல்லப் பெயர் மட்டும் இல்லை. அவர்கள் மார்க்கத்தில் ஒரு பிள்ளைக்கு வயிறாறப் பால் கொடுத்தவள் அதற்குத் தாய். அவளிடம் குடித்த பிள்ளைகள் எல்லாரும் உடன்பிறந்தவர்கள், ஒருவரை ஒருவர் கட்டக்கூடாது. கொடுத்தவள் எந்த வேதக்காரி என்பது பொருட்டில்லை. இதையெல்லாம் ஹலீமா எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். ஜெயபாய்க்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்று காலை ஜெயபாய் பின்வாசல் வழியாக வந்தபோது ஹலீமா கிணற்றுக்கும் அடுக்களைக்கும் இடையே நடந்துகொண்டிருந்தாள். ஹலீமா நடக்கிற ஆள் இல்லை. பலகையைப் போட்டு உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டை நடத்துகிறவள். அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது. ஜெயபாய்தான் போய்ச் சட்டியை இறக்கி வைத்தாள்.

"மைமூனுக்கு ஆளு பாத்தாச்சு" என்றாள் ஹலீமா, நடந்துகொண்டே. "பெருநாளு கழிஞ்சா நிக்காஹ்."

"நல்ல காரியம்தானே. அதுக்கு ஏன் இந்த ஓட்டம் ஓடுக?"

"ஆளு சலாஹுதீன்."

ஜெயபாய் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

சலாஹுதீன் தோணிக்கார வீட்டு ஒரே பிள்ளை. வாப்பா இறந்தபின் தோணிகள் எல்லாம் அவன் கையில். ஹலீமாவின் கணவர் சேக் முகம்மதுவின் கொப்பரை கொழும்புக்குப் போவது அந்தத் தோணிகளில்தான். அந்த வீட்டிலிருந்து பெண் கேட்டு ஆள் வந்ததும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. சலாஹுதீனுக்கு அது இரண்டாம் கல்யாணம் என்பதெல்லாம் அவருக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. முதலில் கட்டியது அவனுடைய தாய்மாமன் மகள் சுபைதாவை. போன மழைக்காலத்தில் அவள் தோணிக்கார வீட்டுக் கிணற்றில் விழுந்து இறந்தாள். கால் வழுக்கிவிட்டது என்றார்கள். மழை, பாசி பிடித்த கல், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு என்று நம்புவதற்கு எல்லாமே தோதாக இருந்தன. ஊர் நம்பியது.

"சுபைதாவக் குளிப்பாட்டினது ஆருண்ணு ஒனக்கு அறியலாமா?" என்று கேட்டாள் ஹலீமா. "நானும் அவனப் பெத்த உம்மா சித்தி ஆயிஷாவும்." சித்தி என்பது முறை இல்லை, அவள் பேரே சித்தி ஆயிஷா.

"என்ன கண்டே?"

"கேக்காத. சொல்லப்பிடாது."

ஜெயபாய்க்கு இது புதிதாக இருந்தது. ஹலீமா நின்று, மூச்சு வாங்கி, சொன்னாள். மய்யித்தைக் குளிப்பாட்டுகிறவர்கள் அந்த உடம்பில் என்ன கண்டாலும் அதை மூடவேண்டும். அது இறந்தவளுக்குச் செய்கிற கடைசி மரியாதை. தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவளின் மானத்தை வெளியே கொண்டுவந்து போடுவது பெரிய பாவம். தன் வாப்பாவிடம் கூடச் சொல்லமாட்டாள், கட்டினவரிடமும் சொல்லமாட்டாள்.

"அவருட்ட இந்த எடம் வேண்டாம்ண்ணு பறஞ்சேன். காரணம் என்னண்ணு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல? பேடியா இருக்கு, பயமா இருக்குண்ணு மட்டும் சொன்னேன். சிரிச்சாரு. பொம்பளைக்குப் பேடி இல்லாத நாளு உண்டுமாண்ணு கேட்டுட்டுத் துண்ட எடுத்துத் தோளுல போட்டுட்டுப் போய்ட்டாரு."

மறுபடியும் நடக்கத் தொடங்கினாள். கிணறு, அடுக்களை, கிணறு. ஆற்றங்கரைப் பக்கமிருந்து ஊறிய தேங்காய் மட்டையை அடிக்கிற சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஊரில் எப்போதும் உள்ள சத்தம்தான். அன்று ஜெயபாய்க்கு அது மண்டையில் அடிப்பதாக இருந்தது.

"நீ மைமூனுக்குப் பாலு குடுத்தது ஊருக்கே அறியலாம்" என்றாள் ஹலீமா. "பண்டு நீங்க அந்தத் தோணிக்காரு வீட்டுக்குப் பின்னாலதானே தாமசிச்சிய? சலாஹுதீனுக்கும் குடுத்தேண்ணு சொல்லு. ஒரு சொல்லு போதும். அண்ணனும் தங்கச்சியும் ஆயிருவாங்க."

ஜெயபாய்க்குக் கோபம்தான் வந்தது. "ஒனக்க சட்டத்த நீ மீறப்பிடாது. எனக்க சட்டத்த நான் மீறணும். அப்பிடித்தானே?"

ஹலீமா நின்றாள். வேறு ஒருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள், இல்லையென்றால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பாள். ஹலீமா ஜெயபாயின் முகத்தை நேராகப் பார்த்து, "ஆமா மக்கா. அப்பிடித்தான் கேக்கேன்" என்றாள்.

"அவனுக்க உம்மா இல்லண்ணு சொல்லிட்டா?"

"சொல்லட்டு. அவளுக்க வாயி ஒண்ணு, ஒனக்க வாயி ஒண்ணு. சந்தேகம் விழுந்தா பள்ளிவாசல் லெப்பை நிக்காஹ் ஓதத் தயங்குவாரு. எனக்கு அது போதும்."

ஜெயபாய் வந்த வழியே போனாள். கயிற்றுக் கொடியில் உலர்ந்த துணி முகத்தில் பட்டதைக்கூட விலக்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. நெல் அவிக்க அடுப்பு மூட்டிவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பிப் போவாள். ஆலயத்தைப் பெருக்கப் போய், பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் பொய்ச்சாட்சிப் பாடத்துக்கு வந்தபோது, "அது படிச்சாச்சு, அடுத்தது சொல்லுங்கோ" என்று தாண்டிப் போனாள். படிக்கவில்லை என்று ஒரு குட்டிப்பெண் எழுந்து நின்று சொன்னாள். அவளுக்கு ஒரு அதட்டல் கிடைத்தது.

"ஒனக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார் யோவான். நல்ல மனிதர். மனைவிக்கு ஏதாவது செய்கிறது என்றால் அது பித்தம் என்றே நம்புகிறவர். சுக்குக் கஷாயம் போடச் சொன்னார். அவள் போட்டு அவருக்கே கொடுத்தாள்.

முடியாது என்று சொல்லிவிடுவதுதான் சரி என்று அவளுக்கு ஒருநாள் தீர்மானமாகப் பட்டது. தெரியாத விஷயத்துக்குச் சாட்சி சொல்வதற்கு ஒரு எல்லை உண்டு. சுபைதா வழுக்கித்தான் விழுந்திருந்தால்? ஹலீமா கண்டது என்னவென்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஒருவன் குடியைக் கெடுத்த பாவம் யார் தலையில் விடியும்? இந்தக் கேள்விகளை எல்லாம் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வேகவேகமாக ஹலீமாவின் வீட்டுக்கு நடந்தாள். வேகம் குறைந்தால் மனம் மாறிவிடும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

ஹலீமா குளித்துக்கொண்டிருந்தாள். அடுக்களையில் மைமூன் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். லீலாபாயின் வயதுதான். லீலாபாய் இன்னும் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு நாவல் மரத்தில் ஏறுகிறாள். மைமூன் பாலும்மாவைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். பிறகு அந்தப் பெண் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"பாலும்மா, தோணிக்காரு வீட்டுக் கெணத்துக்குக் கைப்பிடிச் சுவரு கெட்டியாச்சா?"

"ஏன் மக்ளே கேக்க?"

"சும்மாதான்."

அவள் விரல்கள் அரிசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஜெயபாய் முறத்தைப் பார்த்தாள். அதில் கல்லே இல்லை. எப்போதோ பொறுக்கி முடித்த அரிசி அது. இந்தப் பெண் காலையிலிருந்து அதையே பொறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

ஈரத் தலையோடு வந்த ஹலீமாவிடம் ஜெயபாய் வேறு எதுவும் பேசவில்லை. "லெப்பைய வரச் சொல்லு" என்றாள்.

சேக் முகம்மது வீட்டு வெளியறையில் கூடினார்கள். ஆண்களுக்குப் பாய் விரித்திருந்தது. உள்வாசலில் திரை. திரைக்குப் பின்னால் ஹலீமாவும், மூடுவண்டியில் வந்து இறங்கிய சித்தி ஆயிஷாவும். ஜெயபாய்க்குத் திரை கிடையாது. அவள் வெளிவாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் பார்க்க நின்றாள். சேக் முகம்மது அவளைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சலாஹுதீன் வெள்ளைச் சட்டை போட்டு, காலை மடக்கி நேராக உட்கார்ந்திருந்தான். களையான முகம். யாரைப் பார்த்தாலும் மரியாதையாகத் தலையசைத்தான்.

லெப்பை வயதானவர், கண் மங்கலானவர், யாருக்காகவும் வளையாதவர் என்று பேர் எடுத்தவர். "உபதேசியாரம்மா, படச்சவன நெனச்சுச் சொல்லணும்" என்றார்.

"நெனச்சுதான் வந்திருக்கேன்" என்றாள் ஜெயபாய். அதுவரைக்கும் உண்மை.

"எப்பம் குடுத்தது?"

அவள் இதைப் பல நாள் யோசித்து வைத்திருந்தாள். புதிதாகப் பொய் சொல்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்தமாட்டார்கள், பூவேலை செய்வார்கள். "எனக்க மூத்தவன் ஜான்ரோஸ் பிறந்த சமயம். அப்பம் நாங்க இவங்க வீட்டுப் பின்வேலிக்கு அந்தப் பக்கம் தாமசிச்சோம். இவனுக்க உம்மாவுக்குச் சொகமில்லாம இருந்தது. பிள்ள வேலிக்க இடையில நுழஞ்சு வருவான். ஓடிவந்து எனக்க மடியில ஏறி இருப்பான். வயிறு நெறையக் குடிப்பான், பல நாளு குடிச்சான். பல்லு வச்சு கடிச்சும் போடுவான்."

கடைசி வார்த்தையைச் சொன்னபோது அவளுக்கே அது நன்றாக அமைந்துவிட்டதாகத் தோன்றியது. திரைக்குப் பின்னால் ஹலீமா மூச்சை இழுத்தது கேட்டது.

"ஓடி வந்தானா?" என்றார் லெப்பை.

"ஆமா."

லெப்பை தாடியைத் தடவினார். "ஜான்ரோஸ் பிறக்கச்சில இவனுக்கு ரெண்டு வயசு கழிஞ்சாச்சு. இவனுக்குப் பேரு விளிச்சது நானாக்கும், எனக்கு அறியலாம். ரெண்டு வயசுக்கு உள்ள குடிச்சாத்தான் அது பாலு வழிச் சொந்தம். அதுக்குப் பெறவு குடிச்சது கணக்குல சேராது. கஞ்சி குடிச்சதும் அதும் ஒண்ணுதான்."

இதை ஜெயபாய் அறிந்திருக்கவில்லை. அவள் ஊரில் பிள்ளைகள் மூன்று வயதிலும் விளையாட்டை விட்டு ஓடிவந்து குடிக்கும், யாரும் வயது பார்ப்பதில்லை. ஹலீமாவுக்கு அந்தச் சட்டம் தெரியும். ஆனால் அவள் இந்த ஊருக்கு வாழ வந்தது பிற்பாடு. சலாஹுதீனின் வயதையும் ஜான்ரோஸின் வயதையும் சேர்த்துவைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. ஆளுக்குப் பாதி தெரிந்த இரண்டு பேர் சேர்ந்து செய்த பொய் நடுச்சபையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

சேக் முகம்மது கூரையிலிருந்து கண்ணை இறக்கினார். சலாஹுதீன் மெல்லச் சிரித்தான். "உபதேசியாரம்மாவுக்கு எங்க மேல நல்ல பாசம். அதுல ஒண்ணும் தப்பு இல்ல" என்றான். எல்லாருக்கும் முன்னால் அவளை மன்னித்துவிட்ட தோரணை. லெப்பை எழுந்திருக்கக் கையை ஊன்றினார்.

"லெப்பை, இரியுங்கோ" என்றது திரைக்குப் பின்னால் ஒரு குரல்.

அது சித்தி ஆயிஷா. அவளோடு ஜெயபாய் பேசி இருபது வருஷம் இருக்கும். பக்கத்துப் பக்கத்து வீடாக இருந்தபோது, சித்தி ஆயிஷாவின் ஆடு வேலி தாண்டிக் கீரைப்பாத்தியை மேய்ந்ததில் வந்த சண்டை. பிறகு ஜெயபாய் ஆலயத்துப் பக்கம் வீடு மாறிப் போனாள். சமாதானம் பேச ஒருத்திக்கும் அவசரம் வரவில்லை. இப்போது அவள் என்ன சொல்வாள் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. பெற்றவள் பிள்ளைக்காகப் பேசுவாள்.

"அந்தம்மைக்கு ஓர்மப் பெசகு" என்றாள் சித்தி ஆயிஷா. நிதானமான குரல். "ஜான்ரோஸ் பிறந்தப்பம் இல்ல அது. அதுக்கு முந்தி அவளுக்கு ஒரு பிள்ள செத்துப் பிறந்தது. மாசம் தெகஞ்ச ஆம்பளப் பிள்ள. எங்க வேலியோரத்துலதான் குழி எடுத்து வச்சாங்க. அவ அந்தால வந்து நிப்பா. பாலு இறங்கிச் சட்ட நனஞ்சிருக்கும், அது கூட அறியாம நிப்பா. எனக்குப் பேறு கழிஞ்சு சொகமில்ல. இவன் பாலுக்குக் கெடந்து கரைவான். நானாக்கும் வேலிக்கு மேல கூடி எடுத்து அவளுட்டக் குடுத்தது. எனக்குத் தெளிஞ்சு வரது வரைக்கும் அவதான் குடுத்தா. இவன் அப்பம் கவுந்து விழக்கூட இல்ல."

ஜெயபாய் நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குழந்தையைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. பேர் வைக்காத பிள்ளைக்கு என்ன பேச்சு? யோவான்கூட அன்றைக்கு மண்ணைத் தள்ளிவிட்டு வந்தவர் பிறகு வாய் திறந்ததில்லை. நனைந்த சட்டை உண்மை. வேலியோரம் உண்மை. பிள்ளையை எடுத்துக் கொடுத்தது ஒன்றுதான் பொய். ஒருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் பார்த்திருக்கிறாள், இத்தனை வருஷம் மறக்காமல் வைத்திருக்கிறாள்.

"உம்மா, என்ன பறயுதிய?" சலாஹுதீன் எழுந்துவிட்டான். முகத்தில் இருந்த களை எங்கே போனது என்று தெரியவில்லை. "உங்களுக்கு என்ன கிறுக்கா?"

"ஒனக்கு ஓர்ம இருக்காது. பெத்தவ நான்லா."

அவன் திரையை நோக்கி ஓர் எட்டு எடுத்துவைத்தான். லெப்பை கையை நீட்டி அவன் வேட்டியைப் பிடித்தார். அந்த ஒரு எட்டை சேக் முகம்மது பார்த்தார். பார்த்துவிட்டு, மகள் இருக்கிற உள்ளறைப் பக்கம் திரும்பினார். அவருக்கு அப்போதுதான் என்னவோ விளங்கியிருக்க வேண்டும்.

"அல்லா மேல ஆணையா?" என்று கேட்டார் லெப்பை, திரையைப் பார்த்து.

"அல்லா மேல ஆணை."

"உபதேசியாரம்மா, ஒங்களுக்கு இப்பம் ஓர்ம வருதா?"

"வருது" என்றாள் ஜெயபாய். எல்லாருக்கும் கேட்க இன்னொரு தடவை சொன்னாள்.

"பெத்தவளும் குடுத்தவளும் ஒண்ணு போலச் சொன்ன பெறவு, இந்த நிக்காஹை நான் ஓதமாட்டேன். வேற ஆளு ஓதினாலும் அது நிக்காஹ் ஆவாது" என்று சொல்லிவிட்டு லெப்பை தோள்துண்டை உதறினார்.

கூட்டம் கலைந்தது. ஹலீமா திரையை விலக்கிக்கொண்டு வந்து ஜெயபாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சித்தி ஆயிஷா தலையை மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வண்டியில் ஏறினாள். அந்த வண்டி எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறது என்று ஜெயபாய் நினைத்துப் பார்த்தாள். வீட்டில் அவளும் அவனும் மட்டும்தான்.

மைமூன் காப்பாற்றப்பட்டாள், ஜெயபாய்க்கு நிம்மதி வந்தது என்று கதையை முடிக்கலாம். நிம்மதி வரவில்லை. யோவானுக்குச் செய்தி வேறு ஆள் மூலமாகப் போனது. "நீ தோணிக்காரு பிள்ளைக்குப் பாலு குடுத்தது எனக்கு அறியாதே" என்றார். "ஒங்களுக்கு அறியாதது எவ்வளவோ உண்டு" என்றாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அந்த மாசத் திருவிருந்தில் போதகர் ஐயர் அப்பமும் கிண்ணமும் ஏந்தி நின்றபோது, ஜெயபாய் எழுந்து போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அறிந்து செய்த பாவத்தை வைத்துக்கொண்டு அதைத் தொடக்கூடாது என்று அவளே பிறருக்குச் சொல்லியிருக்கிறாள். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. யோவான் பார்த்தார். மனந்திரும்பினால் தொடலாம். அங்கேதான் சிக்கல். அவளுக்குக் குற்றவுணர்வு வரவில்லை. பயம்தான் இருந்தது, அதுவும் தனக்காக இல்லை.

சலாஹுதீன் தோணியில் கொழும்புக்குப் போய்விட்டான், போவதற்கு முன் வீட்டில் இருந்த பானை சட்டியையெல்லாம் உடைத்தான் என்று கேள்விப்பட்ட மறுநாள், ஜெயபாய் பழைய வீட்டுப் பக்கம் போனாள். அந்த வீடு இப்போது கயிறு வைக்கிற கிட்டங்கி. பின்னால் வேலி அப்படியே இருந்தது. இடைவெளியில் குனிந்து நுழைந்தாள். ஓடிவருவான் என்று தான் சொன்ன அதே இடைவெளி. பெரிய ஆளுக்கு அது போதவில்லை, சேலை முள்ளில் மாட்டிக் கிழிந்தது.

சித்தி ஆயிஷா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். இடது கண்ணுக்குக் கீழே கன்றிப்போய் இருந்தது. வந்தவளைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, கையையும் நிறுத்தவில்லை.

"அவனா?" என்றாள் ஜெயபாய்.

"பின்ன ஆரு?"

"ஏன் அக்கா அப்பிடிச் சொன்னிய? நான் குடுக்கல்லண்ணு ஒங்களுக்குத்தான் எல்லாரையும் விடத் தெரியும்."

"ஹலீமா ஒன்ட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லப்பிடாதுண்ணு சொன்னா."

"செரிதான். நானும் சொல்லமாட்டேன்." துணியைப் பிழிந்து உதறினாள். "எனக்க அண்ணன் மவ சுபைதா. வேற எடத்துல பேசி வச்சிருந்த பிள்ளைய நானாக்கும் அழுது பிடிச்சுக் கேட்டு இந்த வீட்டுக்குக் கொண்டாந்தது. நானே அவள எடுத்துக் குளிப்பாட்டவும் செய்தேன். அப்பம் நான் வாயத் திறக்கல்ல. அதுக்குப் பெறவு இந்த வீட்டுல எனக்குச் சோறு எறங்கினதில்ல. நீ அங்க நின்னு பல்லு வச்சு கடிச்சாண்ணு பொய் சொல்லுக. ஒரு பொய் ஒழுங்காச் சொல்லத் தெரியாத ஒருத்தி அன்னியக்காரிக்க மவளுக்காக நிக்கா. நான் திரைக்குள்ள இருந்து என்ன செய்யுகேன்?"

ஜெயபாய் போய்ப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். துணியின் ஒரு முனையை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து முறுக்கிப் பிழிந்தார்கள். தண்ணீர் கொட்டி நின்ற பிறகும் முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஆம்பளப் பிள்ளண்ணு ஓர்ம வச்சிருக்கியளே" என்றாள் ஜெயபாய்.

"நல்ல முடி உண்டும் அதுக்கு" என்றாள் சித்தி ஆயிஷா.

ஜெயபாய் அழுதாள். இருபது வருஷத்து அழுகை, அவசரப்பட்டு முடியவில்லை. சித்தி ஆயிஷா அவளைச் சமாதானப்படுத்தவில்லை. அழட்டும் என்று காத்திருந்தாள். முடிந்ததும் முகம் கழுவத் தண்ணீர் கோரிக் கொடுத்தாள். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு நெருங்கி உட்கார்ந்தாள்.

"அவன் அங்க இருந்திர மாட்டான். மழைக்கு முந்தி வருவான். போவதுக்கு மின்ன மேலத்தெருவுல ஒரு வீட்டுல பேசிட்டுத்தான் போயிருக்கான். வாப்பா இல்லாத பிள்ள. கேக்க ஆளில்ல. பாத்தா மைமூனுக்க பிராயம் காணும்." நிறுத்தினாள். "நான் பெத்தது இவன் ஒருத்தன. அந்தப் பிள்ள பிறக்கச்சில எனக்குப் பாலு ஏது? அவளுக்கும் குடுத்தேண்ணு சொல்ல நீதான் வேணும்."

அடுத்த மாசத் திருவிருந்து ஜெயபாயின் நினைவுக்கு வந்தது. அதற்கடுத்த மாசமும் வந்தது. யோவானின் முகம் வந்தது, உபதேசியார் வேலை போனால் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. எல்லாம் வந்து வரிசையாக நின்றன. கிணற்றுக்கு இன்னும் கைப்பிடிச் சுவர் கட்டவில்லை என்பதைக் கண்டாள்.

"அந்தப் பிள்ள எந்த வருசம், எந்த மாசம் பிறந்துது?" என்று கேட்டாள். "நல்லா விசாரிச்சுச் சொல்லுங்கோ அக்கா. இந்தத் தடவ வயசு பெசகப்பிடாது."